வெஸ்நாத் - 'இன்வேஷன் ஃப்ரம் தி அன்நோன்': எலும்புக்கூட்டுப் படைகிட்ட மூணு தடவை தோத்தாச்சு, வழி சொல்லுங்க

கரிசல்காற்று

எல்லாருக்கும் வணக்கம். டர்ன் டர்னா (முறை மாத்தி முறை) ஆடுற கம்ப்யூட்டர் போர் கேம் 'தி பேட்டில் ஃபார் வெஸ்நாத்' ஆட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. கேமோட சேர்ந்தே வர்ற கேம்பெயின்கள்ல (ஒரே கதையா தொடர்ந்து வர்ற மேப்கள்) பாதிக்கு மேல முடிச்சிட்டேன். அதுல 'டிசென்ட் இன்டு டார்க்னெஸ்', 'அண்டர் தி பர்னிங் சன்ஸ்' ரெண்டும் மனசுலயே நிக்குது. அது ரெண்டும் பிடிச்சவங்க அடுத்து ஆட வேண்டியது 'இன்வேஷன் ஃப்ரம் தி அன்நோன்'தான்னு இங்கேயே பழைய இழை ஒண்ணுல படிச்சேன். ரசிகர்கள் எழுதினதை ஏத்தி வெக்கிற ஆட்-ஆன் சர்வர்ல இருந்து இறக்கி ஆடிட்டிருக்கேன்.

கதையைப் பத்திக் குறையே இல்ல. காசு வாங்காம, சொந்த ஆசைக்காக ஒருத்தர் எழுதினதுன்னு நம்ப முடியல. ஆனா இப்ப ஒரு மேப்ல மாட்டிக்கிட்டு ஒரு வாரமா வெளிய வர முடியல. எதிர்ல முழுக்க இறவாப் படை. ராத்திரி ஆனா எலும்புக்கூடுங்க அலை அலையா வருது. என் ஆளுங்க அடிக்கிற அடி அதுங்க மேல படுதா இல்லையான்னே தெரியல. நேத்து என் எல்ஃப் படைத் தலைவன் கலாஸ் செத்து, மூணாவது தடவையா தோத்தேன்.

இது என் தப்பா, இல்ல மேப்பே இவ்வளவு கொடூரமாத்தான் இருக்குமா? நடுவுல கடினநிலையைக் குறைக்க வழி உண்டா? கதையை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்லிடாதீங்க.

---

வடக்குவாசல்

வணக்கம் கரிசல். பதில் சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் வேண்டும். ரீகால் பட்டியலில் (முந்தைய மேப்களில் பிழைத்து, திரும்ப அழைக்கக் கூடியவர்கள்) யார் யார் இருக்கிறார்கள்? இந்த மேப்பை எவ்வளவு கோல்டோடு (ஆள் எடுக்கும் காசு) தொடங்கினீர்கள்? முந்தைய மேப்களை எந்த டர்னில் முடித்தீர்கள், கெடு முடிய எத்தனை டர்ன் மீதம் இருந்தது?

கடினநிலையைப் பொறுத்தவரை, சேவ் கோப்பைத் திறக்கும் திரையில் அதை மாற்றுவதற்கு ஒரு தேர்வுக் கட்டம் இருக்கிறது. மேப்பின் தொடக்கத்தில் தானாகப் பதிவாகும் சேவுக்கு அது வேலை செய்யும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

---

கரிசல்காற்று

ரீகால்ல ஒரு ஷார்ப்ஷூட்டர் (வில்லாளி), ஒரு சாம்பியன் (வாள்வீரன்), ரெண்டுமே லெவல் 3. அப்புறம் ஆர்ச்சர் அஞ்சு பேர், ஃபைட்டர் ரெண்டு பேர். குணப்படுத்துற ஷாமன் யாரும் இல்ல. இருந்த ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே செத்துட்டாங்க, அவங்க அடி ரொம்பக் கம்மியா இருந்ததால அப்புறம் நான் எடுக்கல.

கோல்ட் அந்த மேப்புக்குன்னு குடுக்குற குறைஞ்சபட்சம்தான். ஏன்னா ஒவ்வொரு மேப்பையும் கடைசி டர்ன் இல்லன்னா அதுக்கு முந்தின டர்ன்லதான் முடிச்சேன். எதிரித் தலைவனைச் சுத்தி வளைச்சு வெச்சுட்டு, அவன் அனுப்புற ஆளுங்களை எல்லாம் ஷார்ப்ஷூட்டருக்குக் குடுத்து லெவல் ஏத்தினேன்.

---

வடக்குவாசல்

நினைத்தது சரிதான். தவறு இந்த மேப்பில் நடக்கவில்லை, நாலு மேப்புக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

முதலில் கோல்ட். பெரும்பாலான கேம்பெயின்களில் ஒரு மேப்பை முடித்ததும் கையில் இருப்பதில் 40 சதவீதம் அடுத்த மேப்புக்கு வரும். அந்தக் கணக்குப் போடுவதற்கு முன் முன்கூட்டி முடித்ததற்கான போனஸ் சேரும். கெடுவில் மீதமிருக்கும் ஒவ்வொரு டர்னுக்கும் இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கையில் 150, போனஸ் 250 என்றால் மொத்தம் 400, அதில் 160 அடுத்த மேப்புக்கு. கடைசி டர்ன் வரை இழுத்தால் போனஸே கிடையாது. போதாததற்குக் காத்திருந்த ஒவ்வொரு டர்னும் லெவல் 3 ஆட்களுக்குப் பராமரிப்புச் செலவு வேறு போகும். கிராமங்கள் தாங்கும் அளவைத் தாண்டினால், தலைக்கு அவர்களுடைய லெவல் அளவு கோல்ட் ஒவ்வொரு டர்னும் குறையும். நீங்கள் ஷார்ப்ஷூட்டரை வளர்த்தது அடுத்த மேப்பின் நாலைந்து வீரர்களை விற்று.

இரண்டாவது, யாரை வளர்த்தீர்கள் என்பது. எலும்புக்கூட்டின் மேல் மவுஸை வைத்து அதன் தடுப்புப் பட்டியலைப் பாருங்கள். குத்தும் ஆயுதத்துக்கு 60 சதவீதம், வெட்டும் ஆயுதத்துக்கு 40 சதவீதம் தடுப்பு. ஷார்ப்ஷூட்டரின் 10 அடி அம்பு அங்கே போய் 4 ஆகிறது. சாதாரண ஆர்ச்சரின் 5 அடி அம்பு வெறும் 2. எலும்பின் இடைவெளியில் அம்பு புகுந்து போய்விடும் என்று யோசித்துத்தான் விதியை அப்படி வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆர்ச்சரோடு இந்த மேப்புக்குள் போவது வெறுங்கையோடு போவதற்குச் சமம்.

நீங்கள் கைவிட்ட ஷாமன்தான் இங்கே முக்கியமான ஆள். அவளுடைய வேர்ப்பிணைப்பின் அடி சிறியது, உண்மை. ஆனால் அது மோதல் (இடித்து நசுக்கும்) வகையைச் சேர்ந்தது. எலும்புக்கூட்டுக்கு அதில் தடுப்பு இல்லை, 20 சதவீதம் கூடுதலாகவே படும். பட்ட எதிரி மந்தமாகிவிடுவான், அடுத்து அவன் அடிக்கும் அடியும் நகரும் தூரமும் பாதி. பக்கத்தில் நிற்பவர்களுக்கு டர்னுக்கு 4 உயிர்ப்புள்ளி குணமாகும். லெவல் 2ல் அவளை ட்ரூயிட் ஆக்கினால் 8 புள்ளி குணமாகும், இறவாப் படையின் கூல் என்ற பிணப்பூதம் ஏற்றும் விஷமும் இறங்கும். சார்சரஸ் ஆக்கினால் ஒளித்தாக்குதல் கிடைக்கும். இறவாதவர்களுக்கு அதுதான் எமன். அது மந்திரத் தாக்குதல் என்பதால் எதிரி கோட்டைக்குள் நின்றாலும் காட்டுக்குள் நின்றாலும் பத்துக்கு ஏழு அடி படும்.

மூன்று மேப் பின்னால் போங்கள். ஷாமன் நாலு பேரை 15 கோல்ட் கொடுத்துப் புதிதாக எடுங்கள், மேப்பைச் சீக்கிரம் முடியுங்கள். கடினநிலையில் கை வைக்க வேண்டாம்.

---

மழைக்காகம்

வடக்குவாசல் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். வெஸ்நாத்ல எந்த மேப்பும் பூட்டி வெச்ச பெட்டி இல்ல. கேம்பெயின் மொத்தமும் டபிள்யூ.எம்.எல்.ங்கற வெஸ்நாத்தோட சொந்தக் குறிமொழியில எழுதின சாதாரண எழுத்துக் கோப்புதான். ஆட்-ஆன் இறங்கின ஃபோல்டரைத் திறந்து பாத்தா எந்த டர்ன்ல எதிரிக்கு எங்கிருந்து துணைப்படை வருது, எவ்வளவு கோல்ட் குடுத்திருக்காங்க, எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். மூணு தடவை தோத்த பிறகு அதைப் படிக்கறதுல எந்தத் தப்பும் இல்லைங்கறது என் எண்ணம். கேம்பெயின் எழுதக் கத்துக்கிட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இன்னொருத்தர் கோப்பைத் திறந்து பாத்துத்தான் கத்துக்கிட்டிருப்பாங்க. நானும் அப்படித்தான்.

---

தேவி_மதுரை

மழைக்காகம் தம்பி, எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கு அது சரி. முதல் தடவை ஆடுபவருக்கு அதைச் சொல்லாதீர்கள். மூடுபனி மறைத்த மேப்பில் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் அடி எடுத்து வைப்பதைத்தானே அந்த எழுத்தாளர் நமக்குக் கொடுத்திருக்கிறார்?

நானும் என் பையனும் இதை ஒரே லேப்டாப்பில் சேர்ந்து ஆடினோம். அவனுக்கு அப்போது பதிமூன்று வயது. ஒரு டர்ன் அவன், ஒரு டர்ன் நான். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். ஆள் செத்தால் செத்ததுதான், நடுவில் ரீலோட் (பழைய சேவைத் திறந்து திரும்ப ஆடுவது) கிடையாது, தோற்றால் மேப்பின் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும்.

முதல் மேப்பிலிருந்து எங்களோடு வந்த ஷாமன் ஒருத்தி இருந்தாள். ட்ரூயிட் ஆக இன்னும் ஒரு சண்டைதான் பாக்கி. அவளை முன்வரிசையில் ஒரு கட்டம் அதிகமாக நகர்த்தியது நான்தான். பையன் "அம்மா, அங்க வேண்டாம்" என்றான், நான் கேட்கவில்லை. வெஸ்நாத்தின் ஏ.ஐ. அடிபட்ட ஆளையும் பலவீனமான ஆளையும் தேடி வந்து அடிக்கும், அது எனக்குத் தெரிந்தும் நகர்த்தினேன். அன்று இரவு இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். மறுநாள் அவனே வந்து, "அவ இல்லாமலே முடிக்கலாம்மா" என்றான். அதன் பிறகு ஒவ்வொரு டர்னும் அவனைக் கேட்காமல் நான் முடித்ததில்லை. ரீலோட் செய்திருந்தால் அந்த மேப் எங்களுக்கு நினைவிலேயே இருந்திருக்காது.

---

ராத்திரிஷிஃப்ட்

தேவி அக்கா சொல்றது மனசைத் தொடுது. ஆனா எல்லாருக்கும் அந்தச் சட்டம் ஒத்துவராது. எனக்கு வேலை முடிஞ்சு வந்து ஆட ஒரு மணி நேரம் கிடைச்சா பெரிசு. ஒரு மேப் முடிக்க நாலு நாள் ஆகுது. 60 சதவீதம் படவேண்டிய அடி நாலும் தவறி, அதனால நாலு நாள் வேலை போனா அடுத்த நாள் கேமைத் திறக்கவே கை வராது. நான் டர்னுக்கு ஒரு தடவை ரீலோட் பண்ணுவேன். கதையைக் கடைசி வரைக்கும் பாக்கணும், அவ்வளவுதான் எனக்கு.

புதுப் பதிப்புகள்ல கேம்பெயின் தொடங்குற திரையிலயே பகடை எப்படி விழணும்னு தேர்ந்தெடுக்க முடியுது. ஏத்த இறக்கத்தைக் குறைச்சும் ஆடலாம். என்னை மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய உதவி.

---

வடக்குவாசல்

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ராத்திரிஷிஃப்ட் சொன்ன கணக்கை மட்டும் பார்ப்போம். 60 சதவீத அடி நாலும் தவறும் வாய்ப்பு நூற்றில் இரண்டரை. அபூர்வம் போலத் தெரியும். ஆனால் ஒரு மேப்பில் இருநூறு சண்டை நடக்கிறது. நாலைந்து தடவை அது நடந்தே தீரும். நமக்கு நடந்தது ஞாபகம் இருக்கும், எதிரிக்கு நடந்தது மறந்துபோகும். சந்தேகம் இருந்தால் மெனுவில் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த அடி எவ்வளவு, கணக்குப்படி கொடுத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கும். அதிர்ஷ்டமே இல்லை என்று நான் திட்டிய பல மேப்களில், அந்தப் பக்கம் எனக்குச் சாதகமாகவே இருந்தது.

எந்த ஒரு அடி தவறினாலும் உங்கள் ஆள் சாகாதபடி நிற்க வைப்பதுதான் வேலை. அதற்கு மேல் பகடையிடம் எதிர்பார்க்கக் கூடாது.

---

கரிசல்காற்று

புள்ளிவிவரப் பக்கத்தைப் பாத்தேன். மூணு தோல்வியில ரெண்டுல கணக்குப்படி வரவேண்டியதை விட எனக்கு அதிகமாவே அடி பட்டிருக்கு. அதிர்ஷ்டம் மேல பழி போட்டது தப்புன்னு புரிஞ்சுது. கடினநிலையைக் குறைக்கல. மூணு மேப் பின்னால போறேன். வந்து சொல்றேன்.

---

மழைக்காகம்

போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். இறவாப் படைக்கு ராத்திரியில 25 சதவீதம் கூடும், பகல்ல 25 சதவீதம் குறையும். எல்ஃபுக்கு ராத்திரியும் பகலும் ஒண்ணுதான். அதனால சாயங்காலம் ஆனதும் காட்டுக்குள்ள பின்வாங்குங்க. காட்டுல எல்ஃப் நின்னா எதிரி அடிக்கிற பத்து அடியில மூணோ நாலோதான் படும். துரத்திக்கிட்டு வர்ற எலும்புக்கூடு வெளிச்சம் வர்றப்ப வெட்டவெளியில மாட்டிக்கும், அப்ப அடிங்க.

அப்புறம், அவங்க மந்திரவாதி டார்க் அடெப்ட்டைத் தூரத்துல இருந்து அம்பால அடிக்காதீங்க. பக்கத்துல போய்க் கத்தியால அடிங்க. கைகலப்புல அவனால திருப்பி அடிக்கவே முடியாது.

---

கரிசல்காற்று

பத்து நாள் கழிச்சு வர்றேன். முடிச்சிட்டேன்!

மூணு மேப்பையும் திரும்ப ஆடினேன். அனுபவப்புள்ளிக்காகக் காத்திருக்கறதை நிறுத்தினேன். தலைவன்கிட்ட போய்ச் சேர்ந்ததும் அடிச்சு முடிச்சேன். அதனால அந்த மேப்புக்குள்ள நுழையும்போது போன தடவையை விட ரெண்டு மடங்குக்கும் மேல கோல்ட் கையில இருந்துச்சு. ஷாமன் நாலு பேர்ல ஒருத்தி போய்ட்டா, மூணு பேர் கூட வந்தாங்க. கொல்ற அடியை அவங்களுக்கு விட்டுக் குடுக்கறது பொறுமையான வேலை. ஃபைட்டரை வெச்சு எலும்புக்கூட்டை ரெண்டு மூணு புள்ளி வரைக்கும் இறக்கிட்டு, கடைசி அடி ஷாமனுக்கு. லெவல் 1 எதிரியைக் கொன்னா 8 புள்ளி, சும்மா சண்டை போட்டா ஒரே ஒரு புள்ளி. அந்த வித்தியாசத்தை நான் இதுக்கு முன்னாடி கவனிச்சதே இல்ல.

முதல் ராத்திரி காட்டு ஓரத்துல வரிசையா நின்னோம். ஒவ்வொருத்தருக்கும் நடுவுல ரெண்டு கட்டம் இடைவெளி. ஆதிக்க வட்டம் (ஒரு ஆளுக்குப் பக்கத்துக் கட்டத்துல நுழையற எதிரி அங்கேயே நின்னுடணும்) இருக்கறதால அந்த இடைவெளியில எதுவும் புகுந்து பின்னாடி போக முடியல. அதனால பதிமூணு பேர் நிக்க வேண்டிய இடத்தை அஞ்சு பேரை வெச்சே மறிச்சேன். அடிபட்டவன் பின்னாடி ஷாமன்கிட்ட வருவான், அடுத்தவன் முன்னாடி போவான். விடியறப்ப என் பக்கம் ரெண்டு ஃபைட்டர்தான் போயிருந்தாங்க.

அப்புறம் வெளிச்சம் வந்துச்சு. வெட்டவெளியில ஏழு எலும்புக்கூடு, மூணு அடெப்ட். ஒரு ஷாமன் முதல் எலும்புக்கூட்டை முடிச்சு அங்கேயே சார்சரஸ் ஆனா. லெவல் ஏறினதுல உயிர்ப்புள்ளி முழுசா நிரம்பிடுச்சு. அடுத்த டர்ன்லயே அவ ஒளித்தாக்குதலை முதல் தடவையாப் பாத்தேன். நாலுல மூணு பட்டுச்சு, அந்த எலும்புக்கூடு நொறுங்கி விழுந்துச்சு. மூணு தடவை என்னைத் தோக்கடிச்ச படை அது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன்.

ஷார்ப்ஷூட்டரை இந்த மேப்ல கூப்பிடவே இல்ல. அவரைக் கூப்பிட ஆகுற 20 கோல்ட்டுக்கு ஒரு ஷாமனும் மிச்சம் அஞ்சும் கிடைக்குது. அவர் அடுத்த மேப்களுக்கு இருப்பார்.

தேவி அக்கா, உங்க சட்டத்தை இந்த ஒரு மேப்ல மட்டும் கடைப்பிடிச்சேன். ராத்திரிஷிஃப்ட் சொல்றதும் புரியுது, எல்லா மேப்புக்கும் என்னால முடியுமான்னு தெரியல.

---

தேவி_மதுரை

அந்தச் சார்சரஸின் பெயர் என்ன தம்பி? எல்லோருக்கும் ஒரு பெயர் இருக்குமே. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

கரிசல்காற்று

குறிச்சிட்டேன் அக்கா. பெயரை இங்க சொல்ல மாட்டேன், கடைசி மேப் வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு வந்து சொல்றேன்.

இன்னொரு விஷயம் கேக்கணும். இப்ப மால் கேஷர் நம்ம பக்கம் நிக்கிறாரு. அவர் 'டிசென்ட் இன்டு டார்க்னெஸ்'ல வர்ற அதே மாலின் கேஷர்தானா? எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

---

வடக்குவாசல்

அவரேதான். இந்தக் கேம்பெயினை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

'டிசென்ட்' கதை ஆடியவர்களுக்குத் தெரியும். பார்த்தின் என்ற ஊரை ஓர்க்குகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்றுதான் அந்த இளைஞன் இறந்தவர்களை எழுப்பும் வித்தையைக் கையில் எடுக்கிறான். யாருக்காக எடுத்தானோ அந்த ஊரே அவனை விரட்டுகிறது. ஒவ்வொரு மேப்பிலும் அவன் எடுக்கும் முடிவை நாம்தான் நம் கையால் ஆடுகிறோம், அதனால் அவன் சரிவில் நமக்கும் பங்கு உண்டு. கடைசியில் அவன் லிச் (இறந்தும் சாகாத மந்திரவாதி) ஆகிறான், கதை அங்கே நின்றுவிடுகிறது.

அந்த இடத்தில் அவனை விட்டுவிட மனம் வராமல் ஒரு ரசிகர் பேனாவை எடுத்திருக்கிறார். 'பர்னிங் சன்ஸ்' காட்டும் அந்தப் பிற்காலத்துக்கு, பழைய ராஜ்ஜியங்கள் எல்லாம் அழிந்துபோன உலகத்துக்கு அவனைக் கொண்டுவந்து, இறவாதவர்களிடம் ஊரை இழந்த எல்ஃபுகளின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். கலாஸும் அவனோடு வரும் எல்ஃப் அன்லிண்டேயும் மால் கேஷரை எப்படி நம்புவார்கள்? நம்பக் கூடாது என்பதற்கு அவர்களிடம் எல்லா நியாயமும் இருக்கிறது. அவர் பேசும் வரிகளில் நூற்றாண்டுகளின் களைப்பு தெரியும். மன்னிப்புக் கேட்கிற ஆளும் அல்ல அவர். கேமோடு சேர்ந்து வரும் கதைகளில் இந்த அளவு எழுதப்பட்ட பாத்திரங்கள் எனக்குச் சிலதான் ஞாபகம் வருகின்றன.

ரசிகர்கள் எழுதுவது இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் 'பர்னிங் சன்ஸ்' எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதுவும் முதலில் ரசிகர் ஒருவர் எழுதிச் சர்வரில் ஏற்றியதுதான். பிறகுதான் கேமுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். 'இன்வேஷன்' எழுதியவரும் கேமின் நிரலாக்கக் குழுவில் இருந்தவர்தான். 2003ல் டேவிட் வைட் தொடங்கிய நாளிலிருந்தே வெஸ்நாத்தில் ஆடுபவர், எழுதுபவர் என்ற சுவர் மிக மெல்லியது.

---

ராத்திரிஷிஃப்ட்

அதிகாரபூர்வக் கதையோட இது ஒத்துப்போகணுமேன்னு சிலர் வாதாடுவாங்க. 'டிசென்ட்' முடிவுதான் மாலினுக்குச் சரியான முடிவு, அதுக்கு மேல எழுதினது அதோட வலியைக் குறைச்சிடுச்சுன்னு எனக்கும் ஒரு எண்ணம் உண்டு. நல்லா எழுதியிருக்காங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவன் தனியா நின்ன அந்தக் கடைசிக் காட்சியை இப்ப நினைச்சா, "பரவாயில்ல, பின்னால எல்ஃபுங்க வருவாங்க"ன்னு மனசு சொல்லுது. அப்படிச் சொல்லக் கூடாதுன்னு தோணுது.

---

வடக்குவாசல்

இதை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அவன் திரும்பி வந்தது வேண்டும்.

---

மழைக்காகம்

கதையை விட்டுட்டு வேற ஒண்ணு சொல்லணும், ரொம்ப நாளா மனசுல இருக்கு.

வெஸ்நாத்ல 1.14, 1.16, 1.18னு ஒவ்வொரு நிலையான பதிப்புக்கும் ஆட்-ஆன் சர்வர் தனித்தனி. புதுப் பதிப்பு வந்தா பழைய கேம்பெயின் தானா அங்க போகாது. யாராவது உக்காந்து மாத்தி ஏத்தணும். ஒரு சின்னக் கேம்பெயினை நான் அப்படி 1.12ல இருந்து 1.14க்குக் கொண்டு போனேன். எழுதினவர் எங்க போனார்னே தெரியல. யாரும் எடுத்து மாத்தலாம்ங்கற ஜி.பி.எல். உரிமத்துல இருந்ததால நான் எடுத்துச் செய்ய முடிஞ்சுது. மேக்ரோ பெயர் மாறியிருக்கும், படத்தோட பாதை மாறியிருக்கும், ஒரு யூனிட்டோட அடையாளப் பெயர் மாறியிருக்கும். ஒவ்வொண்ணா திருத்தி, ஒவ்வொரு மேப்பையும் கடைசி வரைக்கும் ஆடிப் பாத்து முடிக்க மூணு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் வந்த பதிப்புக்குக் கொண்டு போக எனக்கு நேரம் கிடைக்கல. அது இப்ப பழைய சர்வர்ல மட்டும்தான் இருக்கு. புதுசா கேம் நிறுவுறவங்க கண்ணுல அது படவே படாது.

'இன்வேஷன்' இவ்வளவு நாள் நிக்குதுன்னா அதுக்குப் பின்னாடி யாரோ விடாம உழைச்சிருக்காங்க. அதனால கரிசல், எங்க மாட்டினீங்க, எந்த டர்ன்ல என்ன நடந்துச்சு, எவ்வளவு கோல்ட் இருந்துச்சுங்கறதை ஆங்கிலத்துல சுருக்கமா எழுதி அந்தக் கேம்பெயினோட கருத்துப் பக்கத்துல போடுங்க. ரீப்ளே கோப்பு (ஆடினதைத் திரும்பக் காட்டுறது) இருந்தா அதையும் சேருங்க. எழுதினவருக்கு எல்லாம் மனப்பாடம். புதுசா வர்றவன் எங்க விழறான்னு அவரால பாக்க முடியாது. நான் மாத்தி ஏத்தின கேம்பெயினுக்கு மொத்தம் ரெண்டே ரெண்டு பேர்தான் அப்படி எழுதினாங்க. அதுல ஒருத்தர் சொன்னதை வெச்சுத்தான் நாலாவது மேப்பையே சரி பண்ணேன்.

---

கரிசல்காற்று

இன்னிக்கே எழுதறேன். மூணு தோல்வியோட ரீப்ளேயும் இருக்கு, ஜெயிச்சதும் இருக்கு, நாலையும் போடறேன். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும், இங்க முதல்ல போட்டா யாராவது திருத்திக் குடுப்பீங்களா?

---

தேவி_மதுரை

போடுங்கள் தம்பி, பையனைத் திருத்தச் சொல்கிறேன். அவன் இப்போது இதன் தொடர்ச்சியான 'ஆஃப்டர் தி ஸ்டார்ம்' ஆடிக்கொண்டிருக்கிறான். நீங்கள் இதை முடித்ததும் அடுத்து ஆட வேண்டியது அதுதான். அதற்கு முன் ட்ரூயிட் இரண்டு பேரையாவது வளர்த்து வையுங்கள், இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்வேன்.